பாம்பு இல்லாத நாட்டில் அப்பாவின் கேள்வி

1

இந்த நாட்டில் பாம்பு கிடையாது. ஊரிலிருந்து யார் பேசினாலும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் அது. ஏதோ நானே முன்னின்று ஒவ்வொன்றாகப் பிடித்து நாடு கடத்தியதைப் போலச் சொல்வேன். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தாலும் வெறுங்காலோடு இறங்கலாம், விறகுக் குவியலுக்குள் யோசிக்காமல் கையை விடலாம் என்றெல்லாம் அளந்துவிடுவேன்.

ஆக்லாந்துக்கு வந்து இந்த ஜூலையோடு எட்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் முடிந்தபோது இந்த ஊர் மழையைப் பற்றி உங்களுக்கு எழுதினேன். ஐந்தாவது வருடம், வாடகை வீடு பார்க்கக் கும்பலாகப் போய் வரிசையில் நிற்பதைப் பற்றி எழுதினேன். இந்த முறை பொறாமையைப் பற்றி எழுதப் போகிறேன். யாருடைய பொறாமை என்று தேட வேண்டாம், என்னுடையதுதான். இதில் ஒரு பாம்பும் வரும். அதுவும் இல்லாத பாம்புதான்.

2

நாங்கள் இருப்பது ஆக்லாந்தின் ஒனிஹங்கா பகுதியில். ஒரே கூரையின் கீழ் நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. வாரத்தில் ஐந்து நாள் பக்கத்து எப்சம் பகுதியில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு ஸ்கைப்பில் அப்பா. அப்போது திருச்சியில் காலை எட்டு. தம்பி வீட்டுக் கூடத்தில், குளித்து விபூதி பூசி, மடிக்கணினிக்கு முன்னால் போட்டோ எடுக்க உட்கார்ந்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

எனக்கென்று அவரிடம் நான்கு கேள்விகள் உண்டு. “சாப்டியா? அங்க மழையா? மாப்ள நல்லாருக்காரா? நிலா படிக்கிறாளா?” நான்குக்கும் பதில் வாங்கிக்கொண்டதும், “சரி, வச்சிடறேன்” என்பார். மொத்தம் ஆறு நிமிடம்.

இந்த ‘வச்சிடறேன்’ என்பதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். நேரில் விடைபெறும்போது ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அடித்துச் சொல்லி வளர்த்தவர்கள், டெலிபோனில் மட்டும் ‘வைக்கிறேன்’ என்றார்கள். கையில் கனமான ரிசீவர் இருந்த காலத்துப் பேச்சு அது. நான் இங்கே வந்த புதிதில் தெருமுனை டெய்ரியில் (இங்கே டெய்ரி என்றால் பால்பண்ணை இல்லை, நம் ஊர்ப் பெட்டிக்கடைக்கு அண்ணன்) டெலிபோன் அட்டை வாங்கி, நகத்தால் சுரண்டி, பதினான்கு எண்களை அழுத்தி ஊருக்குப் பேசுவேன். அப்போதும் அப்பா வைத்தார். இப்போது வைப்பதற்குக் கையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ‘வச்சிடறேன்’ என்று சொல்லிவிட்டு, எதை அழுத்துவது என்று தெரியாமல் திரையை நோக்கிக் குனிவார். என் சமையலறை முழுக்க அவருடைய நெற்றி தெரியும். தம்பி வந்துதான் துண்டிப்பான்.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அவள் போன சமயம் எங்கள் பாஸ்போர்ட்டுகள் நிரந்தர விசா விண்ணப்பத்தோடு போயிருந்தன. திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. தம்பி போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, நான் இந்தச் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் காதால் கேட்டேன். அப்பா அதற்குப் பிறகுதான் என்னிடம் அளந்து பேச ஆரம்பித்தார் என்பது என் கணக்கு. வராமல் போனவளுக்கு ஆறு நிமிடம் போதும் என்று நினைத்துவிட்டாரோ என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பேன். கேட்க வாய் வராது.

3

மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கொடுத்த படிவத்தில், வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அலுவலகப் பெண்மணி அன்பாகக் குனிந்து, “வீட்டில் என்ன மொழி பேசுவாய்?” என்று அவளையே கேட்டாள். “இங்கிலீஷ். அம்மா மட்டும் வேற பேசுவாங்க” என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். படிவத்தில் என்ன பதிவாயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தாத்தாவோடு அவள் பேச்சு நான்கு நொடி. “ஹாய் தாத்தா, பை தாத்தா.” அப்புறம் சோபாவும் டேப்லெட்டும். நான் எதைத் தமிழில் கேட்டாலும் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

4

சுவருக்கு அந்தப் பக்கம் மௌஷுமி. கொல்கத்தாக்காரி, மருந்துக்கடையில் வேலை. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள் என்பதால் என்னை ‘சுதாதி’ என்று கூப்பிடுவாள். அந்தத் ‘தி’ அவர்கள் மொழியில் அக்கா. நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துணிக்கொடி. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா இரண்டாவது கேள்வியில் இருந்தபோது மௌஷுமி ஓடிவந்தாள். காதில் போனை இடுக்கிக்கொண்டு கொல்கத்தாவில் இருக்கும் அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, “மழை, சுதாதி, உங்க துணி” என்று வெளியே கையைக் காட்டினாள். அப்பாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கிளிப்புகளைப் பிடுங்கி, துணியை வாரி, ஐந்து நிமிடத்தில் திரும்பினேன்.

என் நாற்காலியில் மௌஷுமி உட்கார்ந்திருந்தாள். திரையில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

போனில் அவள் பேசியது அப்பாவின் காதில் விழுந்திருக்கிறது. “ஆப்னி பாங்காலி?” என்று திரையிலிருந்து ஒரு குரல் கேட்டதாகவும், தூக்கிவாரிப்போட்டதாகவும் அவள் பிறகு சொன்னாள். அப்பா கேட்டது, நீங்கள் வங்காளியா என்று. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம். அப்பா கையை ஆட்டினார், தொடையில் தட்டினார், யாரைப் போலவோ குரலை மாற்றிப் பேசிக் காட்டினார். சிரித்தபோது கடைவாய்ப் பல்லில் தங்கம் கட்டியிருந்தது தெரிந்தது. பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறவளுக்கு, சொந்த அப்பாவின் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் ஓரமாக உட்கார்ந்து துணி மடித்தேன். ஈரமாக இருந்ததையும் சேர்த்து மடித்தேன்.

“அந்த ஆன்ட்டி ஏன் தாத்தாவைக் காக்கான்னு கூப்பிடறாங்க?” என்று நிலா ஆங்கிலத்தில் கேட்டாள். காக்கா இல்லை, ‘காக்கு’, சித்தப்பா என்று மௌஷுமி விளக்கினாள். ஒரே மழையில் என் அப்பாவை அவள் சித்தப்பா ஆக்கிக்கொண்டுவிட்டாள்.

கடைசியில் அப்பா, “ராக்ச்சி மா” என்றார்.

“அப்படின்னா?”

“வைக்கிறேன்மா, அப்படின்னு அர்த்தம். நாங்களும் போனை வைக்கத்தான் செய்வோம்” என்றாள் மௌஷுமி.

அங்கேயும் வைக்கிறார், பரவாயில்லை. ஆனால் நாற்பது நிமிடம் கழித்து வைக்கிறார், ‘மா’ போட்டு வைக்கிறார். எனக்கு ‘மா’ கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுத வேண்டிய வயதை நான் கடந்துவிட்டேன்.

5

வயிறு எரிந்ததற்குப் பழைய கதை ஒன்று உண்டு.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கல்யாணமான கையோடு மேற்கு வங்காளத்தில் இருக்கும் கரக்பூருக்குப் போய் ஒன்பது வருடம் இருந்தார்கள். நான் பிறந்தது அங்கேதான். எனக்கு ஒன்றரை வயதானபோது பொன்மலைக்கு மாற்றல் கிடைத்தது. திருச்சியில் பெரியப்பா குடும்பத்தோடு ஒரே வீடு. பதினோரு பேருக்கு மூன்று அறை. புருஷனும் பெண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேச இடம் கிடையாது. அதனால் அப்பாவும் அம்மாவும் கதவுக்குப் பதிலாக வங்காள மொழியைச் சாத்திக்கொண்டார்கள். சண்டை அதில், சமாதானம் அதில், பெரியம்மாவைப் பற்றிய பேச்சும் அதில்தான். பெரியம்மா புரியாமலே கோபித்துக்கொள்வாள்.

நான் அடுக்களை வாசலில் நின்று கேட்பேன். அம்மா முகம் சிவக்கச் சிரிப்பாள். அப்பா மெதுவாக ஏதோ சொல்வார், அவள் மறுபடியும் சிரிப்பாள். “என்னம்மா சொன்னாரு அப்பா?” என்றால் எப்போதும் ஒரே பதில்தான்.

“ஒண்ணுமில்ல. நீ போய் விளையாடு.”

நான் பிறந்த ஊரின் பேச்சு அது. தொட்டிலில் கிடந்து அதைத்தான் கேட்டிருப்பேன். அதை வைத்தே என்னை வெளியே நிறுத்தினார்கள் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அவ்வளவு நாள் காதை நீட்டிக்கொண்டு நின்றதில் ஒரே ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அது இன்னும் கொஞ்சம் தள்ளி வரும்.

அம்மா போன பிறகு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது, சாத்தியிருந்த அந்த இடத்துக்குள் மழைக்கு ஒதுங்கியவள் நேராகப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வயதிலிருந்து வாசலில் நிற்பது நான்.

6

அடுத்த வாரமே அப்பாவின் எண் மௌஷுமியிடம் இருந்தது. தம்பி கொடுத்த பழைய போனில் அப்பாவுக்கு வாட்ஸப் இருக்கிறது என்பதே எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். புதன்கிழமை தோறும் பேசினார்கள். சுவர் வழியாகச் சிரிப்பு மட்டும் வரும். “உங்க அப்பா ரொம்பத் தமாஷானவர், சுதாதி” என்பாள். என் அப்பாவா என்று கேட்கத் தோன்றும். கேட்டால் அழகாக இருக்காது என்று தலையை ஆட்டிவைப்பேன்.

மௌஷுமி மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மீன் குழம்பு கொடுத்தனுப்புவாள், மழை வந்தால் துணி எடுத்து வைப்பாள். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுத்திருக்கலாம்.

நூலகத்துக்குப் போய் வங்காள மொழிப் பாடப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். பேருந்தில் உதட்டை அசைத்துப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா திரையில் வந்ததும், “பாபா, கேமோன் ஆச்சோ?” என்றேன். எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அப்பா என்னைக் கூர்ந்து பார்த்தார். “நல்லாருக்கேன். உனக்கென்ன, தொண்ட கட்டிருக்கா? மிளகு போட்டுப் பால் குடி.”

புத்தகத்தைத் தவணைக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

7

ஜூன் கடைசியில் ஒரு நாள் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தோம். மௌஷுமி கேட்டாள்.

“சுதாதி, உங்க அப்பாவுக்குப் பாம்புன்னா பயமா?”

“ஏன் கேக்குறீங்க?”

“ஒவ்வொரு தடவையும் பேச்சு முடியறப்போ பாம்பைப் பத்திக் கேக்குறார். ‘சாப்’னு ஆரம்பிக்கிறார், எங்க பாஷையில அது பாம்பு. அதுக்கப்புறம் ‘இபே’ன்னு என்னமோ இழுக்குறார், அது மட்டும் புரியல. பழைய காலத்துப் பேச்சோ என்னவோ. இந்த நாட்டுல பாம்பே கிடையாது காக்குன்னு மூணு தடவை சொல்லிட்டேன். சிரிக்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் கேக்குறார்.”

என் கையில் நனைந்த துண்டு. அதிலிருந்து தண்ணீர் காலில் சொட்டியது.

சாப்பிபே.

நான் பிறகு சொல்கிறேன் என்ற அந்த ஒரு சொல் இதுதான். வங்காளத்தில் ‘காபே?’ என்றால் ‘சாப்பிடுவாயா?’ ‘காபோ’ என்றால் ‘சாப்பிடுவேன்’. கரக்பூருக்குப் போன புதிதில் அம்மாவுக்கு எந்தச் சொல்லும் முழுதாகப் பிடிபடவில்லை. வாலை மட்டும் வங்காளத்திலிருந்து எடுத்துக்கொண்டு தலைக்குத் தமிழைப் போட்டுவிட்டாள். சாப்பிடு, காபே, இரண்டும் சேர்ந்து சாப்பிபே. பிறகு மீன்காரரோடு பேரம் பேசும் அளவுக்கு நல்ல வங்காளம் வந்தும், இதை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. பொன்மலையிலிருந்து அப்பா வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்ததும் அடுக்களையிலிருந்து “சாப்பிபே?” என்று குரல் வரும். “காபோ” என்பார் அப்பா. பாதி தமிழாக இருந்ததால் எனக்குப் புரிந்த சொல் அது ஒன்றுதான். எந்த அகராதியிலும் அது இல்லை. உலகத்திலேயே இரண்டு பேர் பேசிய சொல். அதில் ஒருவர் போய்விட்டார்.

மௌஷுமி பதிலுக்காகக் காத்திருந்தாள். சொன்னால் நெகிழ்ந்துபோவாள் என்று எனக்குத் தெரியும். அடுத்த புதன்கிழமை அவளே அந்த இனிமையான குரலில், “சாப்பிபே, காக்கு?” என்று கேட்பாள். அவள் நல்லவள், கட்டாயம் கேட்பாள்.

“ஆமா” என்றேன். “சின்ன வயசுலேருந்தே அவருக்குப் பாம்புன்னா பயம். எத்தனை தடவை கேட்டாலும் இல்லன்னே சொல்லுங்க.”

“பாவம்” என்றாள் மௌஷுமி. உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

எட்டு வருடத்தில் இந்த நாட்டில் நான் சொன்ன பெரிய பொய் அது. மனசு உறுத்தும் என்று இரண்டு நாள் எதிர்பார்த்தேன். உறுத்தவில்லை.

8

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா நான்கு கேள்விகளையும் கேட்டார். நான்கு பதில்களையும் சொன்னேன். “சரி, வச்சிட...” என்று ஆரம்பித்தார்.

“அப்பா, சாப்பிபே?” என்றேன்.

படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். எங்கள் வீட்டு இணைப்பு அவ்வப்போது அப்படிச் செய்யும். அப்பாவின் முகம் அசையவில்லை, வாய் பாதி திறந்தபடி இருந்தது. ஆனால் அவர் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“அது உனக்கெப்படித் தெரியும்?” என்றார் கடைசியில்.

“தெனம் சாயங்காலம் காதுல விழுந்ததுதானேப்பா.”

“நீ அப்ப சின்னப் புள்ள.”

“சின்னப் புள்ளைக்குக் காது கிடையாதா?”

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “அது வங்காளமே இல்ல. உங்கம்மா தப்பாத்தான் சொல்லுவா. எத்தனையோ வருசம் திருத்திப் பாத்தேன், கேக்கல.”

“பின்ன மௌஷுமிகிட்ட ஏன் அதைக் கேக்குறீங்க?”

“அவளுக்குப் புரியாதுல்ல. நாலு வருசமா வாய்க்குள்ளேயே கெடக்குது. ஒரு தடவ வெளியில சொல்லிப் பாக்கணும் போல இருந்துச்சு. தெரிஞ்சவங்ககிட்ட சொன்னா அழுதுருவாங்க.”

“என்கிட்ட சொல்லிருக்கலாம்.”

“நீதான் மொதல்ல அழுவ.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “உங்கம்மா போன அன்னிக்கு நீ போன்ல அழுதது இன்னும் காதுல இருக்கு. அவ்ளோ தூரத்துல இருக்குற புள்ள அழுதா நான் என்ன பண்ண முடியும் சொல்லு. அதான் அளந்து பேசறது. மழையான்னு கேட்டா யாரும் அழ மாட்டாங்க.”

நான்கு வருடக் கணக்கு எனக்கு அந்த நிமிடத்தில் தப்பாகிப்போனது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அழுதால் மறுபடியும் மழைக்குப் போய்விடுவார்.

“அந்தப் பொண்ணுகிட்ட அர்த்தத்தச் சொல்லிட்டியா?” என்றார்.

“இல்லப்பா. பாம்புன்னு நெனச்சிட்டிருக்கா. உங்களுக்குப் பாம்புன்னா பயம்னு சொல்லி வச்சிருக்கேன்.”

அப்பா சிரித்தார். தங்கப் பல் தெரியச் சிரித்தார். எனக்காகச் சிரித்த சிரிப்பு.

“சொல்லாத” என்றார் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் பெரியம்மா நிற்பதைப் போல. “அப்படியே இருக்கட்டும்.” பிறகு கொஞ்சம் பொறுத்து, “காபோ” என்றார்.

சோபாவில் டேப்லெட்டின் சத்தம் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

“என்னம்மா சொன்னீங்க? தாத்தா ஏன் சிரிக்குது?”

நிலா தமிழில் கேட்டிருந்தாள். தாத்தாவுக்கு ‘து’ போட்டிருந்தாள். நான் திருத்தவில்லை. திரையைப் பார்த்தேன். அப்பா மெல்லத் தலையை இடம்வலமாக ஆட்டினார்.

“ஒண்ணுமில்ல” என்றேன். “நீ போய் விளையாடு.”

அவள் போகவில்லை. டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து வந்து என்னை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அடுக்களை வாசலில் நின்ற முகம் அது.

“சொல்லுங்கம்மா” என்றாள்.

நான் சொல்லவில்லை.